பெரியப்பா வரைந்த ஜெபங்கள்

எங்கள் பெரியப்பா ஜெபம் செய்ய ஆரம்பித்தால் சுடுசோறு பழைய சோறாகிவிடும் என்று போடி பஜாரில் ஒரு பேச்சு உண்டு. கேலிதான், ஆனால் பொய் இல்லை. பந்தியில் அவரை ஜெபிக்கச் சொல்லிவிட்டு, பிரியாணி இலைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு தவித்தவர்கள் இன்றைக்கும் அந்த ஊரில் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் அவர் தலை தெரிந்தாலே, "போதகரய்யா ஜெபிச்சிருவாக, அண்ணாச்சி நீங்க உக்காருங்க" என்று யாராவது முந்திக்கொள்வார்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஏலக்காய் வியாபாரம் செய்தார்கள். கீழே கடையும் குடோனும், மாடியில் வீடு. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா ஒரு குடும்பம். அப்பா, அம்மா, நான் ஒரு குடும்பம். இப்போது இப்படிப் பிரித்துச் சொல்கிறேனே தவிர அப்போது அப்படியொரு கணக்கு எங்களுக்குக் கிடையாது. அடுப்பு ஒன்றுதான். என் பள்ளிக்கூடச் சீருடையை அயர்ன் செய்வது பெரியம்மா, அக்காவுக்குத் தலை பின்னுவது என் அம்மா. வீடு முழுக்க ஏலக்காய் வாசனை அடிக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதை மெச்சிக்கொள்வார்கள், எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

கடை அடைத்து மேலே வந்ததும் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, வேதாகமத்தில் ஒரு அதிகாரம், பிறகு முறை வைத்து ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஆமென் சொன்னால்தான் அடுத்தவர் தொடங்கலாம். அப்பா ஜெபத்திலும் மொத்த வியாபாரிதான். எல்லாரையும் ஒட்டுமொத்தமாக ஆசீர்வதிக்கச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார். பெரியப்பா சில்லறை வியாபாரி. அவருக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி ஆண்டவர் முன்னால் நிறுத்த வேண்டும். பெரியம்மாவின் மூட்டுவலி, அக்காவின் கணக்குப் பரீட்சை, அப்பாவின் கோபம், அம்மாவின் தலைவலி, நான் பால் குடிக்க அடம்பிடிப்பது, எல்லாம் வரும். அப்புறம் மலையில் மழை, காய் எடுக்கிற பெண்கள், விடியற்காலையில் போடிமெட்டு வளைவுகளில் அவர்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள், அந்த ஜீப் டிரைவர்களின் தூக்கக் கலக்கம். இவ்வளவையும் கேட்டு முடிப்பதற்குள் ஆண்டவருக்கே கால் மரத்துப்போயிருக்கும் என்று அம்மா என் காதில் சொல்வாள்.

கேலி செய்தாலும், அந்த ஜெபத்தில் பெயர் வருவது எங்களுக்குச் சாதாரண விஷயமில்லை. ஒருமுறை கம்பத்திலிருந்து வந்து தங்கியிருந்த என் மாமாவின் பெயரைப் பெரியப்பா ஞாபகமறதியாக விட்டுவிட்டார். மாமா மறுநாள் காலை டிபன் சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டார். பிறகு பெரியப்பாவே கம்பத்துக்குப் போய், மாமா வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, அவர்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டு வந்தார். கோழிக்குழம்பு வைத்தார்களாம். எங்கள் வீட்டில் உறவு என்பது இப்படித்தான் இருந்தது. ஜெபத்தில் பெயர் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பெரியப்பா கடையில் விழுந்தார். காய்களைத் தரம் பிரிக்கிற சல்லடைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவர், பேச்சு பாதியில் இருக்க அப்படியே சரிந்தாராம். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. "அது... அது..." என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கியிருந்தது. போடியிலேயே நீளமாக ஜெபிக்கிற மனிதருக்கு ஆண்டவர் ஏன் இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தார் என்று எனக்குப் புரியவில்லை. வேறு ஏதாவது நல்ல சொல்லாக விட்டுவைத்திருக்கலாம்.

கூடத்தில் சன்னலோரம் அவருக்குக் கட்டில் போட்டார்கள். கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அது அவருக்கு இடது பக்கம். அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் பெரியம்மா சோறு ஊட்டுவார், மருந்து கொடுப்பார். அக்கா அங்கேயே தரையில் சாய்ந்துகொண்டு படிப்பாள். நாங்கள் கூடத்துப் பக்கமிருந்து, அதாவது அவருக்கு வலது பக்கமிருந்து, போய்ப் பார்ப்போம். குடும்ப ஜெபமும் அந்தக் கட்டிலைச் சுற்றியே நடக்க ஆரம்பித்தது. அவரவருக்குப் பழகிய பக்கத்தில் அவரவர் உட்கார்ந்தோம். யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை.

முதலில் ஒரு பெரிய சங்கடம் வந்தது. பெரியப்பா முறை வரும்போது என்ன செய்வது? எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தோம். சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மா மெல்லத் தன் ஜெபத்தைத் தொடங்கினார். உடனே பெரியப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைப் படாரென்று தட்டினார். தன் ஜெபம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஆக, மறுபடியும் காத்திருந்தோம். பேச்சு போன பிறகும் எங்கள் வீட்டில் சோறு ஆறித்தான் போனது.

எல்லாரும் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் நான் பரீட்சை அட்டையில் பழைய காலண்டர் தாளை வைத்துப் படம் வரைந்துகொண்டிருப்பேன். ஒருநாள் அட்டையைக் கட்டில் விளிம்பில் வைத்து வரையும்போது கிரேயான் உருண்டு அவர் மடி தாண்டி இடது கைப் பக்கம் போய்விட்டது. அதை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க மறுத்தார். மாட்டிக்கொண்டோம் என்று அட்டையையும் அவர் மடியில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் சட்டத்தில் தட்டும் சத்தம் கேட்டது. இந்த முறை மெதுவாக, ஒரே ஒரு தட்டு. எல்லாரும் கண்ணைத் திறந்தோம். தாளில் பச்சை நிறத்தில் கோணல்மாணலாக ஒரு மலை. அதன்மேல் சில கோடுகள்.

"மழையா?" என்றார் அப்பா.

"மலையில மழை கேக்குறாக" என்றார் பெரியம்மா, அழுதுகொண்டே. "இம்புட்டு நாளும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்காக. நமக்குத்தான் காது கேக்கல."

எல்லாரும் ஆமென் சொன்னோம். மறுநாள் மலையில் மழை பெய்தது. சீசன்தான், பெய்ய வேண்டிய மழைதான். ஆனாலும் அதன்பிறகு அவர் படங்கள்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜீப் வரைந்தார், அது டிரைவர்களுக்கான ஜெபம் என்றோம். சிலுவையும் கூரையுமாக ஒன்று வரைந்தார், சபைக்கான ஜெபம் என்றோம். கோழி மாதிரி ஒன்றை வரைந்தபோது மட்டும் வீடு திணறிப்போனது. அவருக்குக் கோழிக்குழம்பு சாப்பிட ஆசை என்று அம்மா சொன்னாள். பரிசுத்த ஆவியானவரைப் புறாவாக வரைந்திருக்கிறார் என்று பெரியம்மா சொன்னார். கடைசியில் ஆமெனும் சொல்லி, கோழிக்குழம்பும் வைத்தோம்.

போதகர் வீடு சந்திக்க வந்தபோது அப்பா அந்தத் தாள்களைக் காட்டி, படம் வரைந்தால் ஜெபக் கணக்கில் சேருமா என்று கேட்டார். போதகர் ஒரு தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். மேலே இருக்கிற ஆண்டவருக்கு நேராகத் தெரியட்டும் என்று அப்படிப் பிடித்திருக்கிறார் என நான் நினைத்துக்கொண்டேன்.

"ஆண்டவருக்கு எல்லாப் பாஷையும் தெரியும்யா" என்றார். பிறகு கொஞ்சம் இழுத்து, "ஆனா இயேசுவின் நாமத்தில்னு முடியணுமே" என்றார்.

அன்றிலிருந்து பெரியப்பா படத்தை முடித்துத் தட்டியதும், அக்கா பேனாவால் கீழே 'இயேசுவின் நாமத்தில், ஆமென்' என்று எழுதிவிடுவாள். ஆபீசில் சீல் வைப்பது மாதிரி.

ஒரு விஷயம் எல்லார் கண்ணிலும் பட்டது. பெரியப்பா தாளின் இடது பாதியில் மட்டும்தான் வரைந்தார். வலது பாதி சுத்தமாகக் கிடந்தது. அண்ணன் சிக்கனக்காரர், சாகக் கிடந்து பிழைத்தும் குணம் போகவில்லை என்று அப்பா பெருமையாகச் சிரித்தார். மீதியை வீணாக்குவானேன் என்று தாள்களை நடுவில் கிழித்துப் பாதிப் பாதியாகக் கொடுக்க ஆரம்பித்தார். பெரியப்பா அந்தப் பாதித் தாளிலும் பாதியில்தான் வரைந்தார். இடது கையால் தானே சாப்பிடப் பழகியபோது, தட்டில் வைத்த இட்லியிலும் பாதியைத்தான் சாப்பிட்டார். உப்பு, காரம் சரியில்லையோ என்று பெரியம்மா தினமும் சட்னியை மாற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஆட்களை வரையத் தொடங்கினார். அங்கேதான் எங்கள் குடும்பத்துக்குச் சனி பிடித்தது.

முதல் படத்தில் மூக்குக்கண்ணாடியும் கொண்டையுமாகப் பெரியம்மா. பக்கத்தில் ஒற்றைச் சடையோடு அக்கா. இரண்டு பேரும் சந்தோஷப்பட்டுப் போனார்கள். பெயர் சொல்கிற ஜெபம் திரும்பி வந்துவிட்டது என்று வீடே மகிழ்ந்தது. நாளைக்கு நம்மை வரைவார் என்று அப்பா காத்திருந்தார். மறுநாளும் பெரியம்மாவும் அக்காவும்தான். அதற்கடுத்த நாளும் அவர்களேதான். நாள்கள் போகப் போகப் படம் திருந்தியது. பெரியம்மாவுக்குத் தோடு வந்தது, அக்கா கையில் புத்தகம் வந்தது. எங்கள் மூன்று பேரையும் காணோம்.

கொஞ்ச நாள் அப்பா சிரித்துச் சமாளித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. ஒருநாள் ஆமென் சொன்ன கையோடு, கூடத்துப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டார்.

"அண்ணே, இதுல நான் எங்கன இருக்கேன்?"

பெரியப்பா முகத்தைத் திருப்பினார். அப்பா பக்கம் இல்லை. சன்னல் பக்கம். எட்டி எட்டிக் கீழே தெருவைப் பார்த்தார். கையை நீட்டித் தெருவைக் காட்டி, "அது... அது..." என்றார்.

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா பின்னாலேயே போனாள். நானும் போனேன்.

"விடுங்க, ஒடம்பு முடியாதவுக" என்றாள் அம்மா.

"ஒடம்பு முடியாதவுகளுக்குப் பொண்டாட்டி பிள்ள தெரியுதுல்ல? தம்பி மட்டும் எப்படி மறந்து போகும்? நான் பேசுனா மொகத்தக் குடுக்க மாட்டேங்குறாக. கேட்டா தெருவக் காட்டுறாக."

அப்பா சொன்னது பொய் இல்லை. கொஞ்ச நாளாகவே, அப்பா பேசினாலும் நான் கூப்பிட்டாலும் பெரியப்பா எங்களைப் பார்க்க மாட்டார். தலையை அந்தப் பக்கம் திருப்பி, சன்னலுக்கு வெளியே எதையோ தேடுவார். வேண்டாதவர்கள் வந்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படித்தான் இருந்தது.

என் கவலை வேறு மாதிரி. பெரியப்பா கேட்டால் மழையே பெய்கிறது. அப்படியானால் படத்தில் இல்லாத எங்களை ஆண்டவர் கவனித்துக்கொள்வாரா, மாட்டாரா? அக்காவிடம் கேட்டேன்.

"படத்துல இல்லாட்டியும் நம்மள ஆண்டவருக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்டி."

"அப்ப எதுக்குப் படம்?"

அக்கா தன் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். "போய்ப் படி" என்று சொல்லிவிட்டாள். பெரியவர்களுக்கும் பதில் தெரியவில்லை என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அதனால் குழப்பம் இன்னும் கூடித்தான் போனது.

ஒரு சாயங்காலம் அக்காவோடு விளையாடிக்கொண்டிருந்தவள் அப்படியே சன்னல் பக்கம் அவள் மடியில் உட்கார்ந்து ஜெபத்தில் இருந்துவிட்டேன். பெரியப்பா தட்டியதும் கண்ணைத் திறந்து பார்த்தால், படத்தில் பெரியம்மா, அக்கா, அக்காவின் மடியில் இரட்டைச் சடையோடு நான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். அப்பா முகம் கறுத்துப்போனது.

"பிள்ளைய மட்டும் எடுத்துக்கிட்டாக. நம்ம ரெண்டு பேரும் வேண்டாமாம்" என்றார் அம்மாவிடம்.

மறுநாள் அம்மா என் கையைப் பிடித்துக் கூடத்துப் பக்கமே உட்கார வைத்துக்கொண்டாள். அன்றைய படத்தில் நான் இல்லை. ஒரே நாளில் என்னையும் தள்ளிவிட்டார். நான் என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. ஒருவேளை அன்று காலை பாலைச் செடிக்கு ஊற்றியது தெரிந்துவிட்டதோ என்று பயந்து, அடுத்த நாள் பாலை முழுக்கக் குடித்தேன். அன்றும் நான் படத்தில் இல்லை.

பெரியம்மா அடுப்படியில் அம்மாவிடம், "நான் சொல்லிக் குடுத்து வரையிறாகன்னு நெனைக்காத ஆத்தா" என்றார். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு அந்த நினைப்பே வந்தது. அதோடு இருவருக்கும் பேச்சு குறைந்தது. அக்காவின் தலையை அக்காவே பின்னிக்கொண்டாள்.

நானே ஒரு வழி செய்து பார்த்தேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், முந்தின நாள் படத்தை எடுத்தேன். காலியாகக் கிடந்த வலது பாதியில் அப்பாவை மீசையோடும், அம்மாவை மஞ்சள் சேலையோடும், நடுவில் என்னையும் வரைந்தேன். நன்றாகவே வந்திருந்தது. வீட்டில் இருக்கிற ஆறு பேரில் ஐந்து பேர் தாளில் வந்துவிட்டோம், பெரியப்பாவை மட்டும் யாரும் வரையவில்லை என்பது அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. அவருக்கு இடமில்லை. ஆண்டவரே, இதையும் சேர்த்துக்கொள்ளும் என்று சொல்லி, கட்டில் சட்டத்தில் நானே ஒரு தட்டு தட்டினேன். பிறகு அதை அவர் முன்னால் நீட்டினேன்.

பெரியப்பா விரலால் பெரியம்மாவைத் தடவினார். அக்காவைத் தடவினார். விரல் தாளின் நடுவுக்கு வந்து நின்றுவிட்டது. நான் வரைந்ததைப் பார்க்கவே இல்லை. "பெரியப்பா, இங்கன பாருங்க, நாங்க இங்கன இருக்கோம்" என்றேன். அவர் தலையை நிமிர்த்தி, சன்னல் வழியே தெருவைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. எங்களைக் கண்ணால் பார்க்கவும் பிடிக்கவில்லை, அழுகை வருகிற அளவுக்குப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். தாளை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

அப்பா தேனியில் மார்க்கெட் பக்கம் தனியாகக் கடை பார்த்துவிட்டு வந்தார். சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை போட எதிராளி பேச வேண்டுமே. பெரியம்மா மட்டும் கேட்டார்.

"எதுக்குக் கொழுந்தனாரே இப்பம் போறீக?"

"தெனமும் ஆண்டவர் சமூகத்துல வச்சு எங்களத் தள்ளுறாக மதினி. ஆமென் வேற நாங்களே சொல்லுறோம். இதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார் அப்பா. போதகர் வந்து தடுத்துப் பார்த்தார். படங்களை வரிசையாகப் பரப்பிவைத்து அவரும் பார்த்தார். எங்களைக் காணோம் என்பதை அவரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்ததைக் கடைசி வரை மறைத்து வைத்துக் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. சில வருடங்களுக்கு முன்னால் என் மாமனாருக்கு இதே பக்கவாதம் வந்து மதுரையில் சேர்த்திருந்தோம். பயிற்சி கொடுக்க வந்த பெண் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னாள். அவர் வட்டம் போட்டு, எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் அடைத்து எழுதினார். மறுபக்கம் காலி. எனக்குப் பெரியப்பாவின் தாள்கள் கண்முன் வந்தன. அந்தப் பெண் சாவகாசமாக விளக்கினாள். கண் நன்றாகத்தான் இருக்குமாம். ஆனால் உலகத்தில் ஒரு பக்கம் இருப்பதையே மூளை மறந்துவிடுமாம். அந்தப் பக்கம் சோறு இருந்தால் தெரியாது, ஆள் இருந்தால் தெரியாது. தெரியவில்லை என்பதும் தெரியாததால் திரும்பிப் பார்க்கவும் தோன்றாது. குரல் கேட்டால்கூட, தெரிகிற பக்கத்திலேயே தேடுவார்கள். "எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து உக்காருங்கம்மா, உங்களத் தெரியும்" என்றாள் என்னிடம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். பெரியப்பா போய்ச் சேர்ந்து அப்போது வெகுகாலம் ஆகிவிட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "இன்னைக்குக் காய் வெல எறங்கிருச்சு ஆத்தா" என்றார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் அன்றைக்கு, ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு, இதில் ஒரு எழுத்தும் தெரியாது.

நாங்கள் வீட்டைக் காலி செய்த நாள் ஒரு சனிக்கிழமை. கீழே குட்டியானை வண்டி வந்து நின்றது. கூடம் முழுக்க எங்கள் சாமான்கள். பீரோவைக் கழற்றி வைத்திருந்தார்கள். பாத்திர மூட்டை, மெத்தைச் சுருட்டு, மிக்ஸி இருந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் கட்டிலின் வலது பக்கம் குவித்துவிட்டதால் அந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லை. ஆகவே சொல்லிக்கொண்டு போவதற்காக நாங்கள் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி, பெரியம்மாவின் ஸ்டூலை நகர்த்திவிட்டு, சன்னல் பக்கமாக நெருக்கியடித்துப் போய் நின்றோம்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "போயிட்டு வாரோம்ணே" என்றார்.

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். முகத்தில் முதலில் நம்பாத மாதிரி ஒரு பார்வை வந்தது. பிறகு சிரித்தார். வாய் கோணிக்கொண்டதால் ஒரு பக்கம் மட்டும் விரிந்த சிரிப்பு. விழுந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முழங்கை, தோள், கன்னம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் தலையில் கை வைத்து அழுத்தினார். "அது! அது! அது!" என்று கத்தினார். எச்சில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பெரியம்மாவைத் தேடித் தேடிப் பார்த்து எங்களைக் காட்டினார்.

பெரியம்மா முகத்தை மூடிக்கொண்டார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வீட்டை விட்டுப் போகிறவர்கள் முன்னால் ஒரு மனிதர் இப்படிச் சிரித்தால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்?

பெரியப்பா அட்டைக்காகக் கையை நீட்டி நீட்டிக் கேட்டார். அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். ஜெப நேரம் இல்லை, பட்டப்பகல். அவர் வேகவேகமாக வரைந்தார். கிரேயான் உடைந்தது, உடைந்த துண்டாலேயே வரைந்தார். அப்பா, அம்மா, நான். அப்பாவுக்குப் பெரிய மீசை. எல்லாரையும் தாளின் அந்தப் பாதியிலேயே ஒருவர்மேல் ஒருவராக நெருக்கி வைத்திருந்தார். முடித்துவிட்டுச் சட்டத்தில் தட்டினார். யாரும் ஆமென் சொல்லவில்லை. மறுபடியும் தட்டினார். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் நான் மட்டும் ஆமென் என்றேன். அம்மா என் தோளைக் கிள்ளினாள்.

பெரியப்பா மறுபடியும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அதை மெல்ல விடுவித்துக்கொண்டு படியிறங்கினார். பெரியப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

வண்டியின் முன்சீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் என்னை இடுக்கி உட்கார வைத்தார்கள். வண்டி போடியைத் தாண்டியது. அப்பா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பாத்தியா? போறோம்னு தெரிஞ்சதும் படத்துல எடம் குடுத்துட்டாக. அவுகளுக்கு எம்புட்டு சந்தோசம்!"

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்களை அனுப்பிவைப்பதில் பெரியப்பாவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று தேனி வந்து சேரும்வரை அழுதுகொண்டே போனேன். இத்தனை நாளும் குரல் மட்டும் கேட்டு ஆள் தட்டுப்படாமல், தெருவெல்லாம் பார்த்துத் தேடிக்கொண்டிருந்த தம்பி குடும்பத்தோடு வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று அவர் ஆண்டவருக்கு நன்றி சொன்னார் என்பது அந்த வண்டியில் இருந்த யாருக்கும் தெரியாது.